மறுபக்கப் பிரதிநிதி

மே மாதம் மூன்றாவது திங்கட்கிழமை ஹோல்கர் ஓக்கர்ப்ளூமுக்கு வேலை கிடைத்தது. வேலைக்கு வேண்டிய அனுபவம் அவரிடம் தேவைக்கு மேலேயே இருப்பதாக அரசாங்கம் எழுத்தில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஸ்டென்விக் காகித ஆலையில் இருபத்தாறு வருடம் கிரேன் ஓட்டியவர். போன வருடம் ஆலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அவருடைய கோப்பைப் பார்க்கிற பையன், அவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டான்.

"ஹோல்கர், உங்களுக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி ஒரு வேலை. வடிசாலையில."

"என்ன வடிக்கிறாங்க?"

"சாராயம். உருளைக்கிழங்குச் சாராயம். பழைய பால்பண்ணைக் கட்டடத்துல சிக்னேன்னு ஒருத்தங்க நடத்துறாங்கல்ல, அது."

"தம்பி, நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு."

"அதேதான் வேணுமாம்! குறைஞ்சது பத்து வருஷம் குடிச்சிருக்கணும், குறைஞ்சது அஞ்சு வருஷம் விட்டிருக்கணும். முதல் தகுதி இந்த ஊர்ல நிறையப் பேருக்கு இருக்கு. ரெண்டாவதுலதான் எல்லாரும் அடிபட்டுப் போறாங்க."

"வேண்டாம்னு சொன்னா?"

பையன் திரையை அவர் பக்கம் திருப்பினான். பொருத்தமான வேலையை மறுத்தால் உதவித்தொகை நின்றுவிடும்; நிற்காமல் இருக்க ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தூரம், முதுகுவலி, மத நம்பிக்கை, தூசி ஒவ்வாமை என்று பதினான்கு காரணங்கள் இருந்தன. ஹோல்கர் இரண்டு முறை படித்தார்.

"பயமா இருக்குங்கறது இதுல இல்லையே."

"இல்லைங்க. தூசி வேணும்னா போடட்டுமா?"

ஹோல்கருக்குப் பொய் சொல்ல வராது. குடித்த காலத்தில் அத்தனையையும் சொல்லித் தீர்த்துவிட்டார். கையெழுத்துப் போட்டார்.

அந்த வேலை பிறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சிக்னே ரூத்பெக் முன்பு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவள். ஒரே ஒரு செப்புக் கலன், பத்துப் பன்னிரண்டு பீப்பாய், இவ்வளவுதான் அவள் வடிசாலை. கோடையில் வருகிறவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுற்றிக்காட்டலாமா என்று நகரசபைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வர இரண்டு வருடம் ஆனது.

ஒரு தரப்பு, சுற்றிக்காட்டுவதே குடிக்கக் கூப்பிடுவதுதான் என்றது. இன்னொரு தரப்பு, இந்த ஊரில் சுற்றிக்காட்ட வேறு என்ன இருக்கிறது என்று கேட்டது. பதினோரு கூட்டம் நடந்தது. ஒரு முழுக் கூட்டம், முகர்ந்து பார்ப்பது அருந்துவதில் சேருமா என்பதிலேயே போய், மூக்கைப் பற்றித் தனித் துணைக்குழு அமைப்பதில் முடிந்தது. கடைசியில் சமரசம் பிறந்தது. சுற்றிக்காட்டலாம்; ஆனால் சமநிலையோடு. சாராயம் எப்படிப் பிறக்கிறது என்பது பாதி உண்மை. அது ஒருவனை என்ன செய்கிறது என்பது மீதிப் பாதி. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே காட்டப்பட வேண்டும். முதல் பாதி சிக்னேயின் பொறுப்பு. இரண்டாம் பாதியை நகரசபை அனுப்பிவைக்கும்.

அந்த இரண்டாம் பாதிதான் ஹோல்கர். பதவியின் பெயர், மறுபக்கப் பிரதிநிதி. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லையும் கொடுத்தார்கள்.

முதல் நாள் சமநிலை ஒருங்கிணைப்பாளர் ஊல்ரிகா ஹெல்கிரேன் அவரை உட்காரவைத்துக் கதை கேட்டாள். நாற்பது வயது, மென்மையான குரல், எதைச் சொன்னாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கிற பழக்கம். ஹோல்கருக்குத் தேவாலயத்து நிலவறையில் குடியை விட்டவர்களுக்காக நடக்கும் வியாழக்கிழமைக் கூட்டம் பழகிப்போயிருந்தது. அங்கே மடைதிறந்தாற்போலப் பேசலாம். பேசியது அந்த நிலவறைப் படியேறி வெளியே வராது. அதே நினைப்பில் இங்கேயும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மனைவி போனது, கிரேனில் தூங்கியது, படகு, எல்லாம்.

மறுவாரம் அவருக்கு ஒன்றரைப் பக்கத்தில் நகரசபைக் குழு அங்கீகரித்த உரை வந்தது. "குடும்ப உறவுகளில் பாதிப்பு ஏற்பட்டது" என்று அவர் மனைவி ஒரே வரியில் போயிருந்தாள். படகைக் காணோம்.

"படகு விபத்துல கொஞ்சம் விறுவிறுப்பு அதிகம்," என்றாள் ஊல்ரிகா. "மக்கள் ரசிச்சிடக் கூடாதுன்னு குழு நினைக்குது."

ஹோல்கருக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அந்தக் குழுவின் மேல் மரியாதைகூட வந்தது.

அடுத்து அவரை எங்கே நிறுத்துவது என்பதில் சிக்கல் வந்தது. கிழங்குக் கொட்டகை, ஊறல் தொட்டி, செப்புக் கலன், பீப்பாய் அறை, கடைசியில் சுவைக்கும் மேசை. சுவைத்த பிறகு ஹோல்கரைக் காட்டினால் எச்சரிக்கை தாமதமாகிவிடும். சுவைப்பதற்கு முன்னால் காட்டினால் வியாபாரத்தில் நகரசபை தலையிட்டதாகிவிடும். ஆகவே சுவைக்கும்போதே நிற்பது என்று முடிவாயிற்று. வந்தவர்கள் கையில் குட்டிக் கிண்ணத்தோடு நிற்பார்கள். ஹோல்கர் அவர்களுக்கு எதிரே நின்று, தன் கல்லீரலைப் பற்றிச் சொல்வார். அவர் பத்தி மாற்றும் இடங்களில் அவர்கள் ஒரு மிடறு குடிப்பார்கள்.

சிக்னேக்கு இது அவமானமாக இருந்தது. ஜன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். சுற்றுக்குச் சுற்று காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஜன்னலைத் திறந்தே வெச்சிருக்கேன், ஹோல்கர். வாசனை குறையும்."

"குறையலைம்மா. சோம்பு வேற போடுற. வீட்டுக்குப் போனா என் சட்டையை வாசல்லயே கழட்ட வேண்டியிருக்கு."

"நான் கேட்டது சுத்திக்காட்ட ஒரு அனுமதி. உங்களை இப்படி நிறுத்தணும்னு கேட்கலை."

"தெரியும். நானும் கேட்டது ஒரு வேலைதான்."

அவர் பேருந்தில் போவதை நிறுத்திவிட்டார். நிறுத்தம் அரசு மதுக்கடைக்கு எதிரே இருந்தது. நாலு கிலோமீட்டர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஜூன் கடைசியில் மதிப்பீடு வந்தது. சுற்று முடிந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு தாளில் தங்களுக்கு எவ்வளவு வருத்தம் ஏற்பட்டது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்க வேண்டும். ஹோல்கருக்கு இரண்டு புள்ளி மூன்று. ஊல்ரிகா தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள்.

"கவலைப்படாதீங்க, இது உங்க தப்பு இல்லை. ஆனா நீங்க நல்லா இருக்கீங்க."

"ஆமாம், இப்ப பரவாயில்ல."

"அதுதான் பிரச்சினை. கன்னமெல்லாம் செவந்திருக்கு, சட்டை இஸ்திரி போட்டிருக்கு. ஒரு ஜெர்மன்காரர் தாள்ல எழுதியிருக்கார்: 'இருபது வருடம் குடித்தும் மனிதர் கட்டுக்குலையவில்லை, நம்பிக்கை பிறக்கிறது.' நாம நம்பிக்கை கொடுக்க இங்க வரலை, ஹோல்கர்."

சவரம் செய்வதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஏலக்காய் ரொட்டி நிறுத்தப்பட்டது. அதோடு, மீள்திறன் காட்சி என்று ஒன்று சேர்க்கப்பட்டது. ஹோல்கருக்கு முன்னால் ஒரு சிறிய மேசை; மேசையில் ஒரு கிண்ணம் நிறையச் சாராயம்; அதன்மேல் ஒரு கண்ணாடிக் கூடு. உரை முடிகிற நேரத்தில் கூட்டைத் தூக்க வேண்டும். எதை அவர் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது வந்தவர்களுக்கு வாசனையாகத் தெரிய வேண்டுமாம். அவர் ஒரு நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மணல்கடிகாரமும் கொடுத்திருந்தார்கள்.

முதல் வாரம் அவர் மணலைப் பார்த்துச் சமாளித்தார். இரண்டாம் வாரம் ஒரு மதியம், மணல் பாதி இறங்கியிருக்கும்போது, தன் வலது கை மேசைமேல் ஏறியிருப்பதைக் கண்டார். எப்போது ஏறியது என்று தெரியவில்லை. விரல்கள் கிண்ணத்துக்கு ஒரு சாண் தள்ளி விரிந்து கிடந்தன. அதை அவர் இடது கையால் எடுத்துக் கீழே வைத்தார். நார்வேயிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பம் கைதட்டியது. அன்றைய வருத்தம் நாலு புள்ளி ஒன்று.

அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் குளியலறையில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் ஊல்ரிகா தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னாள். அந்தக் கை அசைவை ஒவ்வொரு சுற்றிலும் செய்ய முடியுமா என்று கேட்டாள்.

"அது நான் செஞ்சதில்ல."

"அதனாலதான் அவ்வளவு இயல்பா இருந்திருக்கு. யோசிச்சுப் பாருங்க. முடியலைன்னா வேற வழி ஒண்ணு இருக்கு. படகைத் திரும்பச் சேர்த்துக்கலாம்னு குழு முடிவு பண்ணியிருக்கு."

கையை அசைத்துக் காட்டுவதா, படகைச் சொல்வதா. தெரிந்தே கிண்ணத்தின் பக்கம் கையை நீட்டாமல் இருந்தால் போதும் என்று இருந்தது ஹோல்கருக்கு. படகைச் சொன்னார். குழு எழுதிக் கொடுத்தபடி: ஒரு கோடை நாளில், போதையில், ஒன்பது வயதுக் குழந்தையோடு விசைப்படகு ஓட்டினார். படகு பாறையில் மோதியது. குழந்தை தண்ணீரில் விழுந்தாள். படகின் அடியில் சுற்றும் சுழலி அவளுடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு போயிற்று. 'பாதிப்பு நிரந்தரமானது' என்று உரை முடியும்.

வருத்தம் நாலு புள்ளி எட்டுக்கு ஏறியது. பேருந்துகளில் ஆட்கள் வந்தார்கள். ஒரு மாலை சிக்னே ஜன்னலோரம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஹோல்கர், ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. உங்க கதையைக் கேட்டதும் ஆளுக்கு ரெண்டு பாட்டில் வாங்கறாங்க. மனசு கனத்துப்போச்சு, ராத்திரிக்கு ஏதாவது வேணும்னு சொல்றாங்க. இந்த வருஷம் வடிச்சது பூராவும் தீரப்போவுது."

அவள் இதை ஊல்ரிகாவுக்கும் எழுதினாள். சமநிலை இப்படிப் போகிறதே, நிறுத்திவிடலாமா என்று கேட்டாள். பதில் அன்றே வந்தது: "செய்தி மக்களைச் சென்றடைந்திருப்பதை இது உறுதிப்படுத்துகிறது."

ஹோல்கரின் மகள் தூவா கோதன்பர்க்கில் இருந்தாள். இருபத்து நாலு வயது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடுவாள். பத்து நிமிடம் பேசுவாள். வானிலை, வேலை, ஜுரம். அந்தப் பத்து நிமிடத்தைச் சம்பாதிக்க அவருக்கு ஏழு வருடம் பிடித்திருந்தது. ஆகஸ்டில் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, ஒரு புதன்கிழமை, கூப்பிட்டாள்.

"என்கூட வேலை பார்க்கிற பொண்ணு அந்தப் பக்கம் லீவுக்குப் போயிருந்தா," என்றாள். "ஒரு சாராயத் தொழிற்சாலையைச் சுத்திப் பார்த்தாளாம். அங்க ஒருத்தர் படகு, விரல்னு ஒரு கதை சொன்னாராம். அழுதுட்டேன்னா. சொல்லிக்கிட்டே என் கையைப் பார்த்தா."

ஹோல்கர் தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"அது என் கைப்பா."

"தெரியும் கண்ணு."

"தெரிஞ்சுமா?"

அவள் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலைச் சுற்றில் பன்னிரண்டு பேர் கிண்ணத்தோடு நின்றார்கள். ஹோல்கர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "மன்னிக்கணும், என்கிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மதியமும் அப்படியே. மறுவாரம் அவரை விசாரணைக்கு அழைத்தார்கள்.

நகரசபையின் சின்ன மண்டபம். குழுவின் தலைவர் பெர்டில் நீஹம்மர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எதிரே உட்கார்ந்தவர் வாயைத் திறந்தால் பேச்சைவிட உள்ளேதான் அவர் கண் போகும். அவருக்குப் பக்கத்தில் ஊல்ரிகா. சிக்னேயும் வந்திருந்தாள்.

"முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும்," என்றார் நீஹம்மர். "இது தண்டனை இல்லை. இந்தத் திட்டம் நாட்டுக்கே முன்மாதிரின்னு மூணு நகரசபை கேட்டு எழுதியிருக்கு. இதுவரைக்கும் இந்தத் திட்டத்துல யாருமே குடிச்சதில்ல. வர்றவங்களைத் தவிர."

"ஐயா, நான் கதை சொல்ல மாட்டேன். மத்த வேலை கொடுங்க. கிழங்கு கழுவறேன், பீப்பாய் உருட்டறேன்."

"அதுக்கெல்லாம் முன் அனுபவம் வேணும்," என்றாள் ஊல்ரிகா. "ஹோல்கர், அந்தக் கதை இப்ப திட்டத்தோட உடைமை. குழு மூணு தடவை உட்கார்ந்து திருத்தியிருக்கு. உங்ககிட்ட கொடுத்து வெச்சிருக்கோம், அவ்வளவுதான்."

"அது என் பொண்ணோட கை."

"நாங்க அதை மதிக்கிறோம். அதனாலதான் அவங்களுக்குச் சம்மதப் படிவம் அனுப்பினோம்."

ஹோல்கர் நிமிர்ந்தார். "அவளுக்கா? படிவம் அனுப்பினீங்களா?"

"திங்கட்கிழமையே. இன்னும் பதில் இல்லை. சம்மதம் இல்லைன்னு எங்களுக்கு எழுத்துல வரலைங்கறதை நீங்க கவனிக்கணும்."

"எனக்குக் கை போவுதுங்க," என்றார் ஹோல்கர். "அந்தக் கிண்ணத்துக்கிட்ட. தானாப் போவுது. ஒருநாள் எடுத்துக் குடிச்சிடுவேன். பதினோரு வருஷம் போயிடும்."

நீஹம்மர் ஒரு தடித்த கோப்பைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. "அதை யோசிக்காம இருப்போமா? பகுதி ஒன்பது. பிரதிநிதி மறுபடி குடிக்க நேர்ந்தால், அதைக் கற்றல் வாய்ப்பாக எடுத்துக்கொண்டு, மாற்றுப் பிரதிநிதி வரும்வரை சுற்று தடையின்றித் தொடரும். உங்களால திட்டத்துக்கு ஒரு பாதிப்பும் வராது. நிம்மதியா இருங்க."

சிக்னே எழுந்தாள். "நான் சுத்திக்காட்டறதையே நிறுத்திடறேன். இன்னையிலேர்ந்து. கதவைச் சாத்திட்டா எல்லாம் தீர்ந்துச்சு."

"நிறுத்தலாமே," என்றார் நீஹம்மர். "மனு போடுங்க."

"ஆரம்பிக்கவே ரெண்டு வருஷம் ஆச்சு. நிறுத்த எவ்வளவு ஆகும்?"

"அதே குழுதான் பார்க்கணும். நாங்க அவசரப்பட மாட்டோம். ஊர் மக்களோட நலம் பாருங்க. அதுவரைக்கும் கதவைச் சாத்தினா உரிமம் போயிடும்."

"சுற்று உரிமமா?"

"வடிக்கிற உரிமமே. ரெண்டும் இப்ப ஒண்ணுதான். சமநிலைக்காகச் சேர்த்துட்டோம்."

சிக்னே உட்கார்ந்துவிட்டாள். ஹோல்கர் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றினார். ஊசி துணியில் மாட்டிக்கொண்டது. ஊல்ரிகா எழுந்துவந்து அக்கறையாக எடுத்துவிட்டாள். அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒருவர் மேலும் கெட்ட எண்ணம் இல்லை என்று அவருக்கு அப்போது தோன்றியது. அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

வேலையை விட்டதால் உதவித்தொகை செப்டம்பரோடு நின்றது. காரணம் என்ற இடத்தில் அலுவலகத்துப் பையன், கேட்காமலே, தூசி ஒவ்வாமை என்று போட்டுப் பார்த்திருக்கிறான்; மேலிடம் ஏற்கவில்லை. ஹோல்கர் மீன்பிடித் துறையில் வலை அலசும் வேலைக்குப் போனார். வியாழக்கிழமைகளில் நிலவறைக்குப் போனார். அங்கே முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை. வடிசாலையில் அவர் இடத்துக்கு நாடகப் பள்ளியிலிருந்து ஒருவர் வந்திருப்பதாகவும், கை மிக நன்றாக நடுங்குகிறது என்று பேசிக்கொள்வதாகவும் சிக்னே சொன்னாள்.

செப்டம்பர் முதல் ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அக்டோபரிலும் இல்லை. நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது அடித்தது.

"உன் ஊர்லேர்ந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கு," என்றாள் தூவா. "படிக்கிறேன், கேளு. 'மதிப்பிற்குரிய தூவா ஓக்கர்ப்ளூம். நடிகரால் நிகழ்த்தப்படும் மறுபக்கத்தில் உண்மைத்தன்மை குறைவதாக வருத்தக் குறியீடு காட்டுகிறது. இரண்டாம் நிலைப் பாதிப்புப் பிரதிநிதியாகப் பணியாற்றத் தங்களை அழைப்பதில் குழு பெருமைகொள்கிறது. போக்குவரத்துச் செலவு தரப்படும். குளிர்காலச் சுற்றுகளிலும் கையுறையின்றி வர இயலுமா என்பதைத் தெரிவிக்கவும்.'"

ஹோல்கர் குழாயை மூட மறந்து நின்றார்.

"கையுறையின்றி," என்றாள் தூவா மறுபடி. அவள் சிரிக்கிறாளா என்று கேட்டுப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நான் போய்ச் சொல்றேன். அவங்களை நான்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் கிழிச்சுப் போட்டுடுவேன். அதுக்குக் கூப்பிடல." காகிதம் மடிபடும் சத்தம் கேட்டது. "எத்தனை பேருக்குச் சொல்லியிருப்ப?"

"தெரியலை. பஸ்ஸு பஸ்ஸா வந்தாங்க."

"எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணும் சரியா ஞாபகம் இல்ல. தண்ணி மட்டும் ஞாபகம் இருக்கு. அம்மா பேச மாட்டேன்னுட்டா. நார்வேக்காரன், ஜெர்மன்காரன் எல்லாருக்கும் சொன்ன. எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே, அப்பா."

ஹோல்கர் குழாயை மூடினார். சமையலறை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். உரையின் முதல் வரி தானாக நாக்கில் வந்து நின்றது. 'ஒரு கோடை நாளில்'. அதை விழுங்கினார்.

"அன்னைக்கு நீ படகுல ஏற மாட்டேன்னு சொன்ன," என்றார். "அதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. படகுத்துறைக் கட்டையைப் புடிச்சுக்கிட்டு, வேண்டாம்ப்பா, நீ நாறுறன்னு அழுத. நான்தான் உன் கையைப் பிரிச்சு எடுத்தேன். ஒவ்வொரு விரலா."

மறுமுனையில் அவள் வைத்துவிடவில்லை. அவர் மேலே சொன்னார்.